இரண்டு இடத்துக்கும் ஓர் ஓவர்கோட்

போன கிழமை உங்கள் கடைக்குள் சும்மா நுழைந்து கழுத்துச் சால்வைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒருவர் வந்து, "எல்லா உடுப்போடையும் ஒத்துவாற நிறத்திலை ஒரு மந்தோ வேணும்" என்று ஓவர்கோட் கேட்டார். உங்களில் ஒருவர் மடித்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே "நுவார்" என்றார். வந்தவரும் கறுப்பையே வாங்கிக்கொண்டு போனார்.

பிழை என்று சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தோடு அந்த வேகம் எனக்குப் போய்விட்டது. கம்பளியின் தரம், தோள் அளவு, கை நீளம் எல்லாம் வேலைசெய்யச் செய்ய உங்களுக்கு வந்துவிடும். இது அப்படி வராது. அதனால் சொல்கிறேன். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அப்போது பாரிஸ் லா சப்பலில் இன்றுபோல வரிசையாகத் தமிழ்க் கடைகள் இல்லை. ரூ பெர்தொனே தெருவில் ஒன்றிரண்டு முளைத்திருந்தன. அதற்குக் கிட்ட, பெரிய வீதியில் இருந்த ஓர் ஆண்கள் உடுப்புக் கடையில் நான் விற்பனையாளன். முதலாளி சிறுவயதில் துனிசிலிருந்து வந்தவர். எங்கள் பொடியன்கள் கடைக்குள் வந்து விரலால் காட்டிவிட்டு, பிரெஞ்சில் மேற்கொண்டு கேட்கத் தெரியாமல் திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

கடை ஒடுக்கமானது, நீளமானது. முன்கண்ணாடி முழுவதும் உடுப்புகள் தொங்குவதால் பகலிலும் குழல் விளக்குதான். முதலாளியிடம் ஒரு சட்டம் இருந்தது. விலைத் துண்டு கழற்றாத உடுப்பு வாசலைத் தாண்டக் கூடாது. அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஒருவன் தோல் ஜாக்கெட் ஒன்றைப் போட்டுப் பார்த்தபடியே தெருவுக்கு நடந்து சனத்துக்குள் மறைந்துவிட்டான். அன்றிலிருந்து முதலாளி வாசலோரம் ஓர் உயர்ந்த ஸ்டூலைப் போட்டு அதில்தான் இருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல குளிர். கடையில் கூட்டம். காற்சட்டையின் கால் நீளம் பார்க்கச் சொல்லி ஒருவர், சட்டைக் கொலர் பிடிக்கவில்லை என்று இன்னொருவர். அதற்குள் ஒரு பொடியன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பனிச்சறுக்கு அனோராக் போட்டிருந்தான், எங்கோ தருமத்தில் கிடைத்தது. கீழே பரிசாரகர்களின் கறுப்புக் காற்சட்டை. பெயர் யோகன் என்றான். ஒரு பிரெஞ்சு உணவகத்தில் மேசை பார்க்கிற வேலை.

"அண்ணை, ஒரு ஓவர்கோட் வேணும். எதோடையும் போடக்கூடிய நிறமா இருக்கவேணும். கெதியா."

நான் கறுப்பை எடுத்துக் கொடுத்தேன். அவனுக்கு அளவாகவே இருந்தது. கண்ணாடியில் ஒரு கணம் பார்த்தான், சுட்டதுபோலக் கழற்றினான்.

"கறுப்பு வேண்டாம்."

"ஏன் தம்பி? நல்லாத்தானே இருக்கு."

"வேண்டாம் அண்ணை. நாளைக்குத் தங்கச்சிக்குக் கலியாணம்."

சரி, அது நியாயம். எங்கள் சனத்தின் நல்ல காரியத்துக்குக் கறுப்போடு போய் நிற்க முடியாது. ஒட்டக நிறத்தில் ஒன்றை எடுத்தேன். கலியாணத்துக்கு அதைவிட எடுப்பானது கடையில் இல்லை. அவன் கையை நுழைக்கக்கூட இல்லை.

"இதைப் போட்டுக்கொண்டு அங்கை போகேலாது."

"கலியாணத்துக்கோ?"

அவன் திரும்பி வாசலைப் பார்த்தான். மண்ணிறத்தை எடுத்தேன், தலையை ஆட்டினான். கரும்பச்சையைப் பார்க்கவே இல்லை. கறுப்பைத் திரும்ப எடுத்துத் தடவிப் பார்த்தான், வைத்தான். காற்சட்டைக்காரர் என்னைக் கூப்பிட்டார். முதலாளி ஸ்டூலில் இருந்தபடி தொண்டையைக் கனைத்தார். எனக்குச் சினம் வந்தது. ஒரு ஓவர்கோட்டுக்கு இவ்வளவு ஆட்டமா என்று நினைத்தேன். இருந்தாலும் அந்த நேரம் ஒரு கேள்வி வாயில் வந்தது. இன்றுவரை நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

"உள்ளுக்கு என்ன போடப்போறீர்?"

"இந்தக் கறுப்புக் காற்சட்டை. பிறகு ஒரு மண்ணிற சூட், கூட்டாளியின்ரை."

"கலியாணத்துக்கு எது?"

"சூட்."

"அப்ப கறுப்புக் காற்சட்டை எங்கை போக?"

அவன் சட்டைகள் அடுக்கிய தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். பக்கத்திலுள்ள மார்க்ஸ் டோர்மோயில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன் அன்ரன், மன்னார்ப் பொடியன், கிறிஸ்தவ வேதக்காரன். நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. நாளைக் காலையில் அடக்கம். அவனுக்கு இங்கே ஒரு சொந்தமும் இல்லை. கோவிலில் இருந்து சில பேர் வருவார்கள். பெட்டி தூக்க ஆள் போதாது.

"பின்னேரம் கார்ஜ் லே கொனெஸ் நகரசபையிலை தங்கச்சிக்குக் கலியாண எழுத்து. அது முடிய மண்டபத்திலை தாலி கட்டு. அப்பா ஊரிலை. அவரின்ரை இடத்திலை நான்தான் நிக்கவேணும்."

"அவையளுக்குத் தெரியுமோ, நீர் காலமை எங்கை போறீரெண்டு?"

"மாப்பிளையின்ரை தாய்க்குத் தெரிஞ்சால் அவ்வளவுதான். போன கிழமைதான் கொழும்பிலயிருந்து வந்தவ. மஞ்சள், குங்குமம், நேரம், திசை எல்லாம் பாக்கிற மனிசி. செத்தவீட்டாலை நேரை வாறன் எண்டால் தாலியை நிப்பாட்டிப் போடுவா. இடையிலை ஒரு கூட்டாளியின்ரை வீட்டிலை முழுகி, சூட்டை மாத்திக்கொண்டு போகலாம். கோட்டை மாத்தேலாது. என்னட்டை உந்த ஆரஞ்சுதான் இருக்கு."

அதாவது, காலையில் ஒரு குழியின் ஓரத்தில் நிற்கவும், அதே பின்னேரம் ஒரு மணப்பெண்ணின் பக்கத்தில் நிற்கவும் ஒரே கோட். கறுப்புக் காற்சட்டைக்கும் மண்ணிற சூட்டுக்கும் மேலாக. திங்கட்கிழமை திரும்ப உணவகத்துக்கும் அதுதான்.

இரண்டைத் தெரிவு செய்தேன். ஒன்று கடுநீலம். மற்றது வெள்ளை இழை கொஞ்சம் கலந்து நெய்த அடர்ந்த சாம்பல் நிறம். "சாம்பல் ஒண்டு இருக்கு" என்று சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன்.

"அண்ணை, அந்தப் பேரைச் சொல்லாதேங்கோ."

நிறத்துக்குப் பெயர் சொல்லும்போது யாருக்குச் சொல்கிறோம் என்று பாருங்கள். அன்றிலிருந்து நான் தமிழில் பேசினாலும் அந்த நிறத்தை மட்டும் பிரெஞ்சில்தான் சொல்லுவேன். "கிறி" என்றேன். அவன் மூச்சு விட்டான்.

ஆனால் குழல் விளக்கின் கீழே இரண்டுமே கறுப்பாகத் தெரிந்தன. என்னாலேயே சொல்ல முடியவில்லை, அவன் எப்படிச் சொல்லுவான்? வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளியிலோ பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குளிர்காலத்துப் பாரிஸில் அந்த வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலாளியிடம் போனேன்.

"இரண்டு கோட்டை வெளியே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். உடனே வந்துவிடுவோம்."

"இல்லை."

"உள்ளே நிறம் தெரியவில்லை."

"விளக்கு இருக்கிறது. கண்ணாடி இருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். அந்தக் காற்சட்டைக்காரரைக் கவனி."

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. கடை அவருடையது, களவு போனதும் அவருடையது. நான் யோகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கறுப்பைத் திரும்பக் கையில் எடுத்திருந்தான். இன்னும் கொஞ்சம் விட்டால் எதையாவது வாங்கிக்கொண்டு போய்விடுவான், பிறகு கலியாண வீட்டு வாசலில் நின்று தவிப்பான்.

நான் என் ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்னால் மாட்டிவிட்டு அந்த கிறியைப் போட்டேன். கடுநீலத்தை அவனுக்குப் போட்டுவிட்டேன்.

"வாரும்" என்றேன். முதலாளி ஸ்டூலை விட்டு எழும்புவதற்குள் வெளியே வந்துவிட்டோம். பின்னால் என் பெயர் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீதியின் இருபக்கமும் உயர்ந்த கட்டடங்கள், வெளிச்சம் போதவில்லை. மேலே மெத்ரோ போகிற இடத்தில் இன்னும் இருட்டு. ரயில் தண்டவாளங்களுக்கு மேலாகப் போகிற பாலத்தில்தான் வானம் திறந்திருக்கும். அங்கே ஓடினோம். மதிலோரம் நின்று அவனைத் தள்ளி நிறுத்தினேன்.

நீலம் அழகான நீலம்தான். ஆனால் கறுப்புக் காற்சட்டைக்கு மேலே அது சரியில்லை. கறுப்பு என்று நினைத்து வாங்கி ஏமாந்த ஆள்போல இருந்தது. அன்று தற்செயலாக நான் மண்ணிறக் காற்சட்டை போட்டிருந்தேன். "மாத்துவம்" என்றேன். நடுக்குளிரில், சட்டையோடு நின்று, கோட்டுகளை மாற்றிப் போட்டோம். கீழே ரயில் ஒன்று வடக்கே போனது. நீலம் என் மண்ணிறத்தோடு எடுப்பாக இருந்தது. கிறி அவனுடைய கறுப்போடு அமைதியாக இருந்தது. முன்னே என் மண்ணிறத்தோடு பார்த்தபோதும் அது அப்படித்தான் இருந்தது, கூச்சல் இல்லை. வெள்ளை இழை இருந்ததால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கறுப்பு என்று யாரும் சொல்ல முடியாது. துக்கத்தில் நிற்பவனுக்கும் அது உறுத்தாது.

"இதுதான்" என்றேன்.

"ஓம் அண்ணை. இதுதான்." அன்று முதல் தடவையாக அவன் தன் கோட்டைக் குனிந்து நன்றாகப் பார்த்தான்.

அப்போது பின்னால் இருந்து, "மெஸ்யூ, உங்கள் பத்திரங்கள்" என்று ஒரு குரல்.

இரண்டு பொலிஸ்காரர்கள். எங்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கைப்பக்கம் விலைத் துண்டு தொங்கும் புதுக் கோட்டுகள், தெருவில் நின்று மாற்றிப் போடும் இரண்டு பேர். என்னுடைய அடையாள அட்டை கடையில் மாட்டிவிட்டு வந்த ஜாக்கெட்டுக்குள். யோகன் தன் தற்காலிக வதிவிடப் பத்திரத்தை நீட்டினான். அதை ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

"இந்த உடுப்புகள் யாருடையவை?"

"நான் வேலை செய்யும் கடையுடையவை."

"ரசீது?"

"இல்லை."

நிலையத்துக்கு வரச் சொன்னால் கதை முடிந்தது. விசாரித்து விடும்வரை இருத்தி வைப்பார்கள். யோகன் என்னைப் பார்த்தான். நாளைக் காலை, நாளைப் பின்னேரம் என்று அவன் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

முதலாளி அனுப்பினார் என்று சொல்லிவிடலாம். அதுதான் முதலில் நாக்கில் வந்தது. சொல்லப் போனபோது ஸ்டூலில் இருந்த அந்த முகம் ஞாபகம் வந்தது. இவர்கள் போய்க் கேட்பார்கள், அவர் இல்லை என்பார், அதோடு நான் பொய்யன், நான் பொய்யன் என்றால் இவன் கள்ளன்.

"முதலாளி வெளியே கொண்டுபோக வேண்டாம் என்றார். நான்தான் கொண்டுவந்தேன். கடையில் நிறம் தெரியவில்லை. இவர் வாங்க வந்தவர், இவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடை கிட்டத்தான். வந்து கேளுங்கள்."

அவர்களில் மூத்தவர் கோட்டின் கையைத் தூக்கித் துண்டைப் பார்த்தார். வானத்தையும் பார்த்தார். "நட" என்றார்.

கடைக்கு நடந்த தூரம் பெரிதல்ல. ஆனால் அந்த நடையில் என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். முதலாளி வாசலில் நின்றார். உள்ளே இருந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவர் உங்களிடம் வேலை செய்பவரா?"

"ஆம்."

"கோட்டுகளைக் கொண்டுபோக நீங்கள் அனுமதித்தீர்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு யோகனைப் பார்த்தார். அவன் அந்த கிறிக் கோட்டுக்குள் கைகளை உடம்போடு ஒட்டி, அதைக் கசக்கிவிடக் கூடாது என்பதுபோல நின்றான்.

"இல்லை. வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை. அது எனக்கும் அவனுக்கும் இடையில் உள்ளது, நாங்கள் பேசிக்கொள்ளுவோம். களவு எதுவும் இல்லை."

பொலிஸ்காரர் பத்திரத்தை யோகனிடம் திருப்பிக் கொடுத்தார். போய்விட்டார்கள். நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒரே சொல்லாக இருந்ததால்தான் போனார்கள். இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். இக்கட்டில் மாட்டினால், யார் செய்தது என்பதை முதலில் நேராகச் சொல்லிவிடுங்கள். உங்களோடு நிற்கிறவன் அப்போதுதான் தப்புவான்.

முதலாளி கதவைச் சாத்தினார்.

"நிறம் தெரிந்ததா?"

"தெரிந்தது."

"எது?"

"கிறி."

அவரே துண்டைக் கழற்றினார், அவரே மடித்துப் பையில் போட்டார். யோகன் போனபின், "இன்னொரு தரம் இப்படிப் போனால் திரும்பி வராதே" என்றார். அவ்வளவுதான். அடுத்த கிழமை நான் வேலைக்கு வந்தபோது முன்கண்ணாடியில் ஒரு பக்கத்து உடுப்புகள் எல்லாம் எடுக்கப்பட்டிருந்தன. பெரிய நிலைக்கண்ணாடி அந்த வெளிச்சத்துக்கு நேரே வந்து நின்றது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இப்போது அடக்கம் நடக்கும், இப்போது முழுகியிருப்பான், இப்போது ரயிலில் இருப்பான் என்று மனம் அவன் பின்னாலேயே போனது. யாரோ கேட்ட அளவு ஒன்று, நான் எடுத்துக் கொடுத்த அளவு வேறொன்று. அதன்பிறகும் பல நாள் அவனைக் காணவில்லை. தாலி நின்றுவிட்டதோ, அதனால்தான் இந்தப் பக்கம் வரவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

பனி விட்டபின் ஒருநாள் வந்தான். நான் வாய் திறக்கும் முன்பே, "கோட்டிலை ஒரு பிழையும் வரேல்லை அண்ணை" என்றான். "சப்பாத்திலைதான் பிடிபட்டிட்டன்."

அடக்கம் நடந்த சேமக்காலையில் மண் ஈரம். பெட்டி தூக்கியவர்களில் அவன் முன்பக்கம். முழுகி, சூட் மாற்றி, தலை வாரி, எல்லாம் செய்தவன் அவசரத்தில் அதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டான். நகரசபையில் எழுத்து முடிந்து எல்லோரும் படியில் படத்துக்கு நின்றபோது மாப்பிள்ளையின் தாய் குனிந்து பார்த்திருக்கிறார். மஞ்சள் களி, ஓரமெல்லாம் காய்ந்து.

"உது எங்கத்தை மண், தம்பி?"

அவன் பொய் சொல்ல நினைத்தானாம். வேலைத்தளம், தெரு வெட்டுகிறார்கள், எதையாவது. சொல்ல வரவில்லை. கூட்டாளி ஒருவனின் அடக்கத்துக்குப் போய் வந்ததாகச் சொல்லிவிட்டான். அந்த அம்மா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். தங்கச்சி வதனி கீழ்ப்படியில் மாப்பிள்ளையோடு நின்றாள், அவளுக்கு இது ஒன்றும் தெரியாது.

"உம்மடை கூட்டாளிப் பிள்ளைக்கு இஞ்சை ஆரும் இருக்கினமோ?"

"இல்லை மாமி."

"தாய் தேப்பன்?"

"மன்னாரிலை. அவையளுக்கு நேற்றுத்தான் செய்தி போனது."

அவர் தன் கைலேஞ்சியை எடுத்து நீட்டினார். "சப்பாத்தைத் துடையும். படம் எடுக்கப் போகினம்."

அவன் குனிந்து துடைத்தான். நிமிர்ந்தபோது அவர் வதனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய சிவப்புப் பட்டுச் சேலை, ரவிக்கைக் கை முழங்கைக்கு மேலே. படக்காரன் இன்னும் ஆட்களை அடுக்கிக்கொண்டிருந்தான். வதனியின் பல் கிடுகிடுப்பது மேல்படியிலேயே கேட்டதாம்.

"தம்பி, உந்தக் கோட்டைக் கழட்டிப் பிள்ளைக்குப் போட்டுவிடும்."

யோகன் பொத்தானில் கை வைத்தவன் நின்றுவிட்டான்.

"மாமி, இது அங்கையும் போட்டுக்கொண்டு போனது."

"தெரியும். அவளுக்குக் குளிருது. போட்டுவிடும்."

இதைச் சொல்லிவிட்டு யோகன் எனக்குப் படத்தை எடுத்துக் காட்டினான். நான் அந்த நிறத்தைக் கறுப்போடு பார்த்தேன், மண்ணிறத்தோடு பார்த்தேன், பாலத்தில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்புப் பட்டோடு பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. படத்தில் வதனிக்குத் தோள் இறங்கி, கை விரல்வரை மூடி, அளவு ஒன்றுமே சரியில்லை. பக்கத்தில் மாமியார், மடித்துவிட்ட கொலரில் கை வைத்தபடி.